துவைக்கும் கல்லில் மட்டும் சிக்னல்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஆவி பேய் என்று யாராவது பேச்சை ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். இருபத்தாறு வருடமாகச் சுரங்கத்தில் வேலை. இரவு ஷிப்டில் நிலக்கரி ஓடுகிற பெல்ட் ஓரமாக வெள்ளையாக ஏதோ நடந்து போனதைப் பார்த்தேன் என்று சத்தியம் செய்தவர்களை எல்லாம், "முதல்ல கண்ணாடியத் தொடச்சுப் போடுய்யா" என்று கேலி செய்திருக்கிறேன். இப்போது என்னை நீங்கள் கேலி செய்யலாம், செய்துகொள்ளுங்கள். ஆனால் இது ராத்திரியில் நடந்தது இல்லை. சித்திரை மாதத்து வெயிலில், காலை பதினோரு மணிக்கு, வைஃபை பெட்டி ஒன்றை ரிப்பேர் பார்க்கப் போய் நடந்தது.

எங்கள் சுரங்க நகரியத்து வீடுகளுக்கு ஒரு பழக்கம் உண்டு. இரவு ஷிப்ட் முடித்து வந்த ஆள் பகலில் தூங்குகிற வாரம் வந்துவிட்டால் அந்த வீடே குரலை இறக்கிக்கொள்ளும். குக்கர் விசிலுக்கு முந்தி அடுப்பை அணைப்பார்கள், மிக்ஸியை ஏழு மணிக்குள் ஓட்டி முடிப்பார்கள், கீரை விற்கிற அம்மாகூட கேட்டருகே வந்து வாயைத் திறக்காமல் கீரைக் கட்டைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போவாள். என் மனைவி வசந்தா இதில் எல்லோரையும் மிஞ்சினவள். நான் படுத்ததும் அறைக் கதவைச் சாத்துவாள், ஒரு பழைய நீலத் துண்டைக் கயிறு மாதிரி இறுக்கிச் சுருட்டி, கதவுக்கு அடியில் வெளிப்பக்கமிருந்து அழுத்தி வைப்பாள், வெளிச்சமோ சத்தமோ உள்ளே நுழைந்துவிடக் கூடாது என்று. மதியம் ஒரு மணிக்கு எழுந்து கதவைத் திறந்தால் காலடியில் அந்தத் துண்டு கிடக்கும். அதைத் தாண்டித்தான் என் பகல் தொடங்கும்.

வைஃபை பெட்டி இருந்தது அந்த அறையில்தான். கம்பத்துக்குப் பக்கத்தில் இருந்த ஜன்னல் அதுதான் என்பதால் வயர் இழுத்தவர்கள் அங்கேயே மாட்டிவிட்டுப் போய்விட்டார்கள். "ஹால்ல வெச்சா என்னங்க, சமையக்கட்டு வரைக்கும் வரும்ல" என்று வசந்தா கேட்டாள், ஒரு தரம் இல்லை, பல தரம். க்வார்ட்டர்ஸ் சுவரில் ஓட்டை போடுவதற்கு நகரிய ஆபீஸில் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று சொல்லிவைத்தேன். எழுதிக் கொடுக்கவில்லை. பிற்பாடு தெரிந்துகொண்டேன், அந்தத் தெருவில் யாருமே எழுதிக் கொடுத்ததில்லை.

எங்கள் மகள் கயல்விழி ஜெர்மனியில் படிக்கிறாள். அங்கே காலை ஏழரை ஆகும்போது இங்கே பதினொன்று, கல்லூரிக்குப் போகிற ரயிலில் உட்கார்ந்ததும் அம்மாவைக் கூப்பிடுவாள், அந்த அரை மணி நேரம்தான் அவளுக்குக் கிடைக்கிற நேரம். வசந்தாவின் போனில் நான் டேட்டா போட்டுக் கொடுத்ததில்லை, வீட்டில் வைஃபை இருக்கும்போது எதற்கு என்று. நான் தூங்குகிற வாரத்தில் அவள் வீட்டுக்குள் பேச முடியாது. பின்கட்டுக்குப் போய், பலா மரத்தடியில் இருக்கிற துவைக்கும் கல்லின் மேல் ஏறி நின்றால் ஒரே ஒரு கோடு சிக்னல் வரும். அதில் நின்றபடி, எனக்குக் கேட்டுவிடக் கூடாதே என்று குசுகுசுவென்று மகளோடு பேசுவாள்.

இப்போது சொல்லப்போவதை மனிதர் யாரிடமும் நான் எட்டு மாதம் சொல்லாமல் இருந்தேன்.

என் வேலை கன்வேயர் கட்டுப்பாட்டு அறையில். எட்டு மணி நேரம் பச்சை விளக்குகளைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், ஒன்று அணைந்தாலும் எங்கேயோ ஒரு பெல்ட் நின்றுவிட்டது என்று பொருள். அதைப் பார்த்துவிட்டு வந்து கண்ணை மூடினால், தலைமாட்டில் இந்தப் பெட்டியும் பச்சையாகக் கண் சிமிட்டிக்கொண்டிருக்கும், எரிச்சலாக வரும், கையை நீட்டி ஸ்விட்சைத் தட்டிவிட்டுத் தூங்கிவிடுவேன். அவ்வளவுதான் நான் செய்தது. ஒரு விரல் வேலை. வெளியே கல்லின் மேல் நிற்பவளுக்கு அந்த ஒரு கோடும் போய்விடும். அவள் உள்ளே வந்து போட மாட்டாள், கதவு கீல் கிறீச்சிடும், நான் விழித்துக்கொள்வேன். ஒரு தரம் கேட்டாள். "ஒரு மணிக்கு மேல பேசிக்கயேன்" என்றேன். ஒரு மணிக்குப் பிள்ளை வகுப்பில் இருப்பாள் என்பது எனக்கும் தெரியும்.

போன ஆவணியில் கயல் ஒரு செய்தி சொன்னாள். படிப்பு முடிந்ததும் அங்கேயே வேலை கிடைக்கும் போலிருக்கிறது, ஊருக்கு வராமல் இருந்துவிடட்டுமா என்று. வசந்தா, "யோசிச்சுச் சொல்றேன்டி" என்று வைத்துவிட்டாள். ஒரு ராத்திரி பூராவும் யோசித்தாள். மறுநாள் சாப்பிடும்போது ரசத்தை ஊற்றிக்கொண்டே சொன்னாள், "அவ இருக்கட்டுங்க அங்கயே. மூஞ்சியப் பாத்தீங்களா, எவ்ளோ தெளிவா இருக்கு. நான்தான் சொல்லுவேன் அவகிட்ட, நீங்க முந்திக்காதீங்க."

நான் முந்திக்கொள்ளவில்லை. மறுநாள் எனக்கு இரவு ஷிப்ட் வாரம் ஆரம்பித்தது. ஐந்து நாள். ஐந்து நாளும் பச்சை விளக்கை அணைத்துவிட்டுத் தூங்கினேன். ஐந்து நாளும் கயல் கூப்பிட்டிருக்கிறாள், இங்கே மணி அடிக்கவே இல்லை. ஐந்து நாளும் வசந்தா கல்லின் மேல் ஏறி நின்றிருக்கிறாள், பக்கத்து வீட்டுக்காரர் பார்த்திருக்கிறார், "என்னம்மா பலாக்கா எண்ணறீங்களா" என்றுகூடக் கேட்டாராம். ஆறாம் நாள் சாயங்காலம் சமையலறையில் விழுந்தாள். மூளையில் ரத்தம் கசிந்துவிட்டது என்றார்கள். ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் கிடந்தாள், ஒரு வார்த்தை பேசவில்லை.

கயல் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. வந்தவள் அழவில்லை, என் பக்கத்தில் உட்கார்ந்து, "அம்மா எம்மேல கோவமாவே போயிட்டாப்பா. அஞ்சு நாளு நான் கூப்டும் எடுக்கல" என்றாள்.

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். நாக்கு வரைக்கும் வந்தது. "அதெல்லாம் ஒண்ணும் இல்லம்மா" என்றேன். அது ஒரு பதிலா, நீங்களே சொல்லுங்கள். அவள் திரும்பிப் போய்விட்டாள். அப்புறம் ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு தரம் கூப்பிடுவாள், சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா, மூன்று நிமிடம், வைத்துவிடுவாள்.

கயல் திரும்பிப் போன மறுவாரம் பெட்டியை ஹாலுக்கு மாற்றினேன். குறிஞ்சிப்பாடியிலிருந்து வேல்முருகன் என்று ஒருவர், முப்பத்தைந்து வயது இருக்கும், எங்கள் பிளாக்குக்கு வயர் வேலை எல்லாம் அவர்தான், வந்து சுவரில் துளை போட்டு மாட்டிக் கொடுத்தார். பத்து நிமிடம் ஆனது. நான் பத்து நிமிடத்தையும் நின்று பார்த்தேன்.

அதற்கப்புறம்தான் தகராறு ஆரம்பித்தது. நான் அந்தப் படுக்கையறையில் படுப்பதை விட்டுவிட்டேன், இரவு ஷிப்ட் வாரத்தில் ஹால் சோபாவில் கிடப்பேன், தூக்கம் வராது, போனில் எதையாவது ஓடவிட்டுக்கொண்டிருப்பேன். பதினோரு மணி ஆனால் அது நின்றுவிடும். நாலு அடி தள்ளி பெட்டி பச்சையாக எரிந்துகொண்டிருக்கிறது, என் கையில் இருக்கிற போனில் சிக்னல் இல்லை. பதினொன்றரைக்குத் தானாக வந்துவிடும்.

வேல்முருகன் முதல் தடவை வந்து பார்த்தார். "பொட்டி நல்லாத்தான் இருக்குது சார். ஒங்க வைஃபையும் பக்கத்து வூட்டு வைஃபையும் ஒரே சேனல்ல முட்டிகினு கெடந்துச்சு, மாத்தி வுட்டுட்டேன். ஊருக்கெல்லாம் கரண்ட் குடுக்கற எடத்துல இருந்துகினு ஒரு பொட்டிக்கு இப்டி விசாரப்படறீங்களே." பதினோரு மணிக்கு என் கண் முன்னால் நன்றாக ஓடியது. எனக்கே வெட்கமாகப் போயிற்று. அடுத்த இரவு ஷிப்ட் வாரம், மறுபடியும் அதே கதை. இரண்டாம் தடவை புதுப் பெட்டியே கொண்டுவந்து மாட்டினார், அடாப்டரும் புதுசு. "இதுக்கும் வரலன்னா மந்திரிச்சு தாயத்துதான் சார் கட்டணும்" என்று சிரித்தார். அதற்கடுத்த இரவு வாரமும் வரவில்லை.

மூன்றாம் தடவை வந்தவர் பெட்டியைத் தொடவே இல்லை. "எந்தெந்த நாளு புட்டுகினு போவுது, தேதியச் சொல்லுங்க" என்றார். நான் குறித்து வைத்திருந்ததைப் படித்தேன். அவர் சுவரில் மாட்டியிருந்த காலண்டரில் ஒவ்வொன்றாக விரலை வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தார். என் இரவு வாரங்களைச் சிவப்பில் சுழித்து வைப்பது வசந்தாவின் வழக்கம், இந்த வருடம் நானே சுழித்து வைத்திருந்தேன்.

"சார், எல்லாமே செவப்புக்குள்ளதான் வுழுது. இன்னா சார் இது செவப்பு?"

"நைட் ஷிப்ட்."

"அப்ப பொட்டிக்கும் நைட் ஷிப்டா?" என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்பதைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். முன்பு அவர் வந்த நாட்கள் இரண்டுமே சிவப்புக்கு வெளியே இருந்தன, அது அப்போதுதான் எங்கள் இருவருக்கும் உறைத்தது. அன்றைக்குச் சிவப்பு. மணி பத்தே முக்கால். "இருந்து பாத்துட்டே போறேன் சார்" என்றார். டீ போட்டுக் கொடுத்தேன்.

ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு இன்னொரு போன் வேண்டும் என்று கேட்டார். பீரோவில் இருந்து வசந்தாவின் போனை எடுத்துச் சார்ஜ் போட்டுக் கொடுத்தேன். சிம் செத்துப்போய் மாசக்கணக்கு ஆகிறது, வைஃபை இருந்தால் மட்டும் வேலை செய்யும்.

பதினொன்று அடித்தது. நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு, அந்தச் சிக்னல் எங்கள் இரண்டு பேர் கண் முன்னாலும் கோடு கோடாக இறங்கியது. வேல்முருகன் பெட்டிக்கு மேலேயே போனைக் கொண்டுபோய் வைத்தார், ஒன்றும் இல்லை. அவர் போனில் சிக்னலை அளந்து எண்ணாகக் காட்டுகிற ஆப் ஒன்று இருக்கிறது, அதைத் திறந்துகொண்டு நடக்க ஆரம்பித்தார். வாசல் பக்கம் போனார், குறைந்தது. சமையலறைப் பக்கம் திரும்பினார், ஏறியது. பின்கதவைத் திறந்தார், இன்னும் ஏறியது. நான் அவர் பின்னாலேயே போனேன், அவர் எங்கே போய் நிற்பார் என்று எனக்கு முன்பே தெரிந்துவிட்டது.

கல்லின் மேல் ஏறி நின்றார். நாலு கோடு. முழுசாக.

"சார்," என்றார், குரல் மாறியிருந்தது, "பொட்டி இங்க இருக்கற மாதிரி காட்டுது சார். என் காலுக்குக் கீழ இருக்கற மாதிரி." போனைப் பார்த்தார், மரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இங்க யாரு சார் நிப்பாங்க?"

அவர் இறங்கினார், இறங்கி, தன் செருப்புத் தடம் கல்லில் பதிந்திருந்ததைக் கையால் துடைத்துவிட்டார். வீட்டுக்குள் வரவில்லை, டீயை முடிக்கவில்லை. கேட்டருகே நின்று, ஏதாவது சொல்லியாக வேண்டுமே என்பது போல, "நாளைக்கு ட்யூட்டி முடிச்சிகினு வந்ததும் ஒயர உருவிட்டு ஒரு நாலு மணி நேரம் சும்மா போட்டு வைங்க சார், எல்லாம் கழுவிகினு போயிடும்" என்றார். அவர் சொன்னதை அவரே நம்பவில்லை.

மறுநாள் காலை ஏழரைக்கு வந்தேன், உருவினேன். நன்றாக நினைவிருக்கிறது, அடாப்டரைச் சுவரிலிருந்து பிடுங்கி, வயரைச் சுற்றி, பெட்டியோடு சேர்த்து டிவி ஸ்டாண்டு இழுப்பறைக்குள் போட்டு மூடினேன். குளித்தேன், இரண்டு இட்லி தின்றேன், சோபாவில் படுத்தேன். தூக்கம் இல்லை. ஒரு வண்டு வந்து ரீங்கரிப்பது போல ஒரே வாக்கியம், நீங்க முந்திக்காதீங்க, நீங்க முந்திக்காதீங்க. முந்திக்கொள்ளாமல் இருந்தேன், சரி, அவள் போன பிறகும் எட்டு மாதம் முந்திக்கொள்ளாமல் இருந்தேனே, அது யாருக்காக? என் மகள் ஒவ்வொரு நாளும் அந்த ரயிலில் உட்கார்ந்து, அம்மாவுக்குப் பிடிக்காத பெண்ணாகப் போய்க்கொண்டிருக்கிறாள். நான் இங்கே நல்ல அப்பாவாகப் படுத்துக் கிடக்கிறேன்.

சுவர்க் கடிகாரத்தில் பதினொன்று. எழுந்தேன். மேஜை மேல் கிடந்த வசந்தாவின் போனைத்தான் கை எடுத்தது, என் போனை இல்லை, ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. பெட்டியைப் பிடுங்கிப் போட்ட நினைப்பே இல்லை. பின்கட்டுக்குப் போனேன், செருப்பைக் கழற்றினேன், கல் கொதித்தது, ஏறி நின்றேன். நாலு கோடு. கயல் பெயரை அழுத்தினேன்.

இரண்டாவது மணியிலேயே எடுத்தாள், ஆனால் பேசவில்லை, மூச்சு மட்டும் கேட்டது. அப்போதுதான் எனக்கு உறைத்தது, அவள் திரையில் 'அம்மா' என்றுதானே வந்திருக்கும்.

"நான்தாம்மா, அப்பா."

"ஏம்ப்பா இப்டி பண்றீங்க," என்றாள், "ஒரு நிமிஷம் எனக்கு உசுரே போயிடுச்சு."

சொன்னேன். பச்சை விளக்கு, ஸ்விட்ச், ஐந்து நாள், கல், கீல் கிறீச்சிடும் என்று உள்ளே வராமல் இருந்தது, எல்லாவற்றையும், நடுவில் நிறுத்தினால் திரும்ப ஆரம்பிக்க முடியாது என்று நிறுத்தாமல் சொன்னேன். ரயில் ஓடுகிற சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது.

"அப்ப அம்மா கோவமா இல்லையா?"

"இல்லம்மா. நீ அங்கயே இருக்கட்டும்னு சொன்னா. ஒம் மூஞ்சி தெளிவா இருக்குன்னு சொன்னா. அவளே ஒன்கிட்ட சொல்லணும்னு இருந்தா, என்னைச் சொல்லக் கூடாதுன்னுட்டா. அதச் சொல்லத்தான் அஞ்சு நாளும் இதுமேல ஏறி நின்னிருக்கா."

அழுதாள். எட்டு மாதத்துக்கும் சேர்த்து அழுதாள், இறங்க வேண்டிய ஸ்டேஷன் தாண்டிப் போய்விட்டது என்று அழுகைக்கு நடுவிலேயே சொன்னாள். என்னை ஒன்றும் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "நீங்க அன்னிக்கே சொல்லியிருக்கலாம்ப்பா" என்றாள், அது மட்டும்தான். அதை இன்றைக்கும் நான் சுமக்கிறேன், அது சரியான எடை.

வைக்கப் போகும்போது கேட்டாள், "ஏம்ப்பா இவ்ளோ மெதுவாப் பேசறீங்க? மொதல்லேர்ந்தே குசுகுசுன்னு. அம்மா பேசற மாதிரியே."

நான் குசுகுசுவென்றுதான் பேசிக்கொண்டிருந்தேன். அவள் சொல்கிற வரைக்கும் எனக்கே தெரியவில்லை.

நாற்பத்தொரு நிமிடம் என்று போன் காட்டியது. உள்ளே வந்தேன், தண்ணீர் குடித்தேன், டம்ளரை வைக்கும்போதுதான் பார்வை சுவரில் பிளக் இருந்த இடத்துக்குப் போனது. காலி. இழுப்பறையைத் திறந்தேன். காலையில் சுற்றி வைத்தபடியே வயர், பெட்டி, கையை வைத்துப் பார்த்தேன், சில்லென்று இருந்தது.

பக்கத்து வீட்டு வைஃபையாக இருக்கும் என்பீர்கள், நானும் அப்படித்தான் நினைத்து வசந்தாவின் போனைத் திறந்து பார்த்தேன், அதில் எங்கள் வீட்டுப் பெட்டியின் பெயரைத் தவிர வேறு எதுவும் பதிவில் இல்லை. எதையாவது பிடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது, சட்டையை மாற்றிக்கொண்டு வெளியே போய்விடலாம் என்று படுக்கையறைப் பக்கம் திரும்பினேன்.

கதவு சாத்தியிருந்தது. எட்டு மாதமாக அந்தக் கதவை நான் சாத்தியதில்லை. அதன் அடியில், வெளிப்பக்கமாக, நீலத் துண்டு. அந்தத் துண்டை ஸ்கூட்டர் துடைக்கிற துணியாக்கி நான்தான் வண்டிப் பெட்டிக்குள் போட்டுவைத்திருந்தேன், வண்டி வாசலில் பூட்டி நிற்கிறது, சாவி என் பையில் இருக்கிறது. கிரீஸ் கறையோடு, கயிறு மாதிரி இறுக்கிச் சுருட்டி, ஓர் இடுக்கு விடாமல் அழுத்தி வைத்திருந்தது.

குனிந்து அதை எடுக்க எனக்கு மனம் வரவில்லை. மதியம் ஒரு மணி ஆகும் வரை ஹாலிலேயே நின்றுகொண்டிருந்தேன், அதற்கப்புறம்தான் எடுத்தேன். கதவைத் திறந்தேன். கட்டில் காலியாகத்தான் இருந்தது. எனக்குப் பயம் என்று சொன்னால் அது பொய். என்னை எழுப்பிவிடக் கூடாது என்று யாரோ இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், அதைத்தான் தாங்க முடியவில்லை.

பெட்டியைத் திரும்ப மாட்டினேன். அன்றிலிருந்து ஒரு கோளாறும் இல்லை, சிவப்பு வாரத்திலும் இல்லை. கல்லின் மேல் நின்றால் பழையபடி ஒரே ஒரு கோடுதான். வேல்முருகன் போன் செய்து, "கம்ப்ளைன்ட மூடிடவா சார்" என்று கேட்டார், மூடிவிடுங்கள் என்றேன்.

கயல் இப்போது தினமும் பதினோரு மணிக்குக் கூப்பிடுகிறாள், என்னைத்தான். ஹாலில் உட்கார்ந்து, பெட்டிக்குப் பக்கத்திலேயே, நாலு கோடோடு பேசுகிறேன். ஆனாலும் பேச்சு ஆரம்பித்து ஒரு நிமிடத்துக்குள் என் குரல் தானாக இறங்கிவிடுகிறது, எவ்வளவு முயன்றாலும் ஏற்ற முடியவில்லை. சத்தமா பேசுங்கப்பா, என்கிறாள் அவள் அங்கிருந்து, வீட்டுல யாரு தூங்கறாங்க இப்ப?

நான் அந்தக் கதவின் அடியைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.